மூலமும் பொதியும்

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், தமிழில் நூல்களை அச்சிட்டுப் பரப்ப விரும்பினார். அதன் பொருட்டுத் தமிழ் எழுத்துகளின் மாதிரிகள் செர்மனியிலுள்ள ஆலே நகருக்கு அனுப்பப்பட்டன. அங்கே வெட்டி வார்க்கப்பட்ட எழுத்துகள் 1713-இல் கப்பலேறி வந்து சேர்ந்தன. எழுத்துகள் வந்தனவேயன்றி இடர் தீர்ந்தபாடில்லை. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால், அருமையாகக் கிடைத்த தாளை அளவின்றி விழுங்கின. குறையை ஆலேக்கு எழுதித் திருத்தம் பெறுவதாயின் பல திங்கள் கடல்வழி காத்திருத்தல் வேண்டும். உடன் வந்திருந்த ஆட்லர் என்னும் அச்சுக் கலைஞர் அவ்வாறு காத்திருக்கவில்லை. பொறையாற்றில் வார்ப்படப் பட்டறை ஒன்றை அமைத்து, சிறிய தமிழ் எழுத்துகளை அங்கேயே வார்த்தார். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முற்றுப்பெற்றது அப்பட்டறையின் துணையாலேயாம்.

பிறர் ஆக்கியனுப்பிய பொருளை அவ்வாறே பெற்றுப் பயன்கொள்ளுதல் ஒரு வழி. ஆக்கும் முறையையே கைக்கொண்டு தமக்கு வேண்டியவாறு ஆக்கிக்கொள்ளுதல் மற்றொரு வழி. முன்னதில் எளிமை உண்டு. பின்னதில் உரிமை உண்டு. இவ்விரு வழிகளின் வழக்கு, ஈய எழுத்தின் காலத்தோடு முடிந்துவிடவில்லை. கணினியில் மென்பொருளை நிறுவும் துறையில், யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களின் வரலாற்றில், அது ஐம்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது. தமிழ் எழுத்தும் அவ்வழக்கில் ஒரு தரப்பாக நின்றிருக்கின்றது.

மூலம் என்பது யாது?

மென்பொருளை இயற்றுவோர், மனிதர் படித்துணரத்தக்க நிரல்மொழி ஒன்றில் அதனை எழுதுகின்றனர். அதுவே மூல நிரல் எனப்படும். கணினியின் செயலிக்கோ அது விளங்காது. நிரல்பெயர்ப்பி என்னும் கருவி மூலத்தைச் செயலிக்குரிய குறியீட்டு வரிசையாகப் பெயர்த்துத் தருகின்றது. பெயர்த்து முடிந்த வடிவம் கணினியில் ஓடும். ஆனால் மனிதர் படிப்பதற்கு உதவாது.

உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த பழைய தலைமுறையினர்க்கு இதனை ஓர் உவமையால் எளிதில் விளக்கலாம். மங்கில் வடிந்த பால், பாலாக இருக்கும்வரை எவ்வடிவத்தையும் ஏற்கும். அமிலமிட்டு உறையச் செய்து, உருளையில் அழுத்தி, புகைக்கூடத்திற் காயவைத்துத் தாளாக்கியபின் அதனை மீண்டும் பாலாக்குதல் இயலாது. மூல நிரல் பால் போன்றது. பெயர்த்தெடுத்த நிரல் புகையிட்ட தாள் போன்றது. மூலத்தைப் பெற்றவன் திருத்தலாம், குறைக்கலாம், கூட்டலாம். பெயர்த்த வடிவத்தை மட்டும் பெற்றவன் உள்ளதை உள்ளவாறே கொள்ளவேண்டும்.

மூலமாகவே பரவிய யூனிக்ஸ்

யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் அதன் முதன்மைச் சிற்பிகள். 1973-இல் அது சி என்னும் நிரல்மொழியில் திருத்தி எழுதப்பட்டது. அதன் பயனாகப் பலவகை இயந்திரங்களிலும் அதனைப் பெயர்த்து நிறுவும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமாகிய ஏ.டி. அண்டு டி., 1956-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டினாற் கணினி வணிகத்தில் இறங்க இயலாத நிலையில் இருந்தது. ஆகவே குறைந்த உரிமத் தொகை பெற்றுக்கொண்டு, மூல நிரலோடு யூனிக்ஸைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. காந்த நாடாவில் வந்த மூலத்தைத் தம் இயந்திரத்துக்கு ஏற்ப ஆக்கிக்கொள்வதே அக்கால வழக்கம்.

தமிழாசிரியர்க்குச் சுவையளிக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று அக்காலத்தில் நடந்தது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருவை, ஏறத்தாழ 9,000 வரிகளை, மாணவர்க்குப் பாடமாக வைத்தார். 1976–77-இல் மூலத்தை ஒரு நூலாகவும் அதற்குத் தாம் வகுத்த விளக்கத்தை மற்றொரு நூலாகவும் அமைத்தார். ‘மூலமும் உரையும்’ என நூல் பதிப்பிக்கும் தமிழ் மரபுக்கு இதனினும் நெருங்கிய ஒப்புமை காண்டல் அரிது. ஆனால் 1979-இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள் மூலத்தை வகுப்பறையிற் பாடமாக வைப்பதைத் தடுத்தன. லயன்ஸின் உரை கைக்குக் கை நகலெடுக்கப்பட்டே உலகெங்கும் பரவி, 1996-இல்தான் முறையாக நூலாக வெளிவந்தது. மூலம் மறைக்கப்பட்டால் முதலில் இழப்புறுவோர் ஆசிரியரும் மாணவருமே என்பதற்கு இது தக்க சான்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1983-இல் குனு என்னும் திட்டத்தை அவர் அறிவித்தார். 1987-இல் அத்திட்டத்தின் நிரல்பெயர்ப்பி வெளிவந்தது. மூலத்தைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமம் 1989-இல் வகுக்கப்பட்டது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்தபோது, மூலம் முழுவதும் வெளிப்படையாக உள்ள இயங்குதளம் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

மூன்று கட்டளைகளும் முந்நூறு இடர்களும்

மூலம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதனை ஆக்கும் முறையும் வேண்டும். ஒரு மென்பொருள் நூற்றுக்கணக்கான கோப்புகளால் அமைந்திருக்கும். ஒன்றைத் திருத்தினால் எவற்றையெல்லாம் மீண்டும் பெயர்க்கவேண்டும் என்று நினைவில் வைப்பது கடினம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் தம் பிழையைத் திருத்திவிட்டு, மறுபடியும் பெயர்க்க மறந்து, சரியான நிரலிற் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கினாராம். அது கண்ட ஸ்டூவர்ட் ஃபெல்டுமன் 1976-இல் ‘மேக்’ என்னும் கருவியை இயற்றினார். 1991-இல் டேவிட் மெக்கென்சி ‘ஆட்டோகான்ஃப்’ என்னும் கருவியை ஆக்கினார். நிறுவப்படும் கணினியில் எவை உள்ளன, எவை இல்லை என்று ஆராய்ந்து அதற்கேற்ப மூலத்தை ஆயத்தப்படுத்த அது துணைநின்றது. அதன் பின்னர், மூலத்தினின்று நிறுவுதல் மூன்று கட்டளைகளாகச் சுருங்கியது: முதலிற் கணினியை ஆராய்தல், அடுத்து ஆக்குதல், இறுதியில் உரிய இடத்தில் வைத்தல்.

சொல்லளவில் மூன்றாயினும் செயலளவில் இடர் மிகுதி. ஒரு நூலை உணர நிகண்டு வேண்டும், நிகண்டை உணர இலக்கணம் வேண்டும் என்பது போல, ஒரு மென்பொருள் வேறொன்றைச் சார்ந்திருக்கும். அது மற்றொன்றைச் சார்ந்திருக்கும். சார்புகளுள் ஒன்றன் பதிப்பு மாறினாலும் வேலை நின்றுவிடும். பெரிய மென்பொருளைப் பெயர்த்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். முடிந்தபின் அதனை நீக்க விரும்பினால், எந்தக் கோப்பு எங்கே சென்று அமர்ந்தது என்னும் கணக்கு எங்கும் இராது.

பொதியின் தோற்றம்

இவ்விடர்க்கு மருந்தாகவே பொதிமுறை தோன்றியது. அறிந்தார் ஒருவர் மூலத்தைப் பெயர்த்து, சார்புகளின் பட்டியலையும் கோப்புகளின் கணக்கையும் சேர்த்துக் கட்டித் தருவார். பெறுபவர் அவிழ்த்து நிறுவிக்கொள்வார். 1993-இல் பாட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேர் என்னும் லினக்ஸ் வழங்கலைத் தந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். 1995-இல் ரெட் ஹாட் நிறுவனத்தார் ஆர்.பி.எம். என்னும் பொதிமுறையை வெளியிட்டனர். 1999-இல் வந்த டெபியன் 2.1 பதிப்போடு ஆப்ட் என்னும் கருவி வழக்குக்கு வந்தது. வேண்டிய மென்பொருளின் பெயரை மட்டும் சொன்னாற் போதும். அதன் சார்புகள் அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து தேடிக்கொணர்ந்து அதுவே நிறுவும். 2023-இல் வெளிவந்த டெபியன் 12-ஆம் பதிப்பில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. இத்துணையையும் தனியொருவர் மூலத்தினின்று ஆக்கிக்கொள்வது நடவாத செயல்.

மறுதலையாக, மூலவழியைக் கைவிடாதவர்களும் இருந்தனர். ஃபிரீ பி.எஸ்.டி. என்னும் தளத்தில் 1994-இல் ஜோர்டன் ஹப்பர்டு ‘போர்ட்ஸ்’ முறையை அமைத்தார். மூலத்தை எங்கிருந்து பெறுவது, எவ்வாறு திருத்துவது, எவ்வாறு ஆக்குவது என்னும் செய்முறைக் குறிப்புகளின் தொகுதி அது. 2002-இல் டேனியல் ராபின்ஸ் வெளியிட்ட ஜென்டூ லினக்ஸின் முதற்பதிப்பு அம்முறையினின்று ஊக்கம் பெற்றது. அதில், ஒவ்வொரு மென்பொருளிலும் எக்கூறு வேண்டும், எக்கூறு வேண்டா என்பதை நிறுவுபவரே முடிவு செய்து, தம் கணினியிலேயே பெயர்த்துக்கொள்வார். அதற்கும் முன்னரே, 1999-இல், கெரார்டு பீக்மன்ஸ் ஓர் இயங்குதளம் முழுவதையும் அடிமுதல் மூலத்தினின்று கட்டும் முறையைக் கற்பிக்கும் நூலைத் தொடங்கினார். பயன்பாட்டினும் கல்வியே அந்நூலின் நோக்கம்.

கொம்பு இடம் மாறிய கதை

இவ்விரு வழிகளின் வேறுபாடு தமிழ்ப் படிப்போர்க்குக் கண்கூடாக விளங்கிய காலம் ஒன்று உண்டு. யூனிகோடு முறையில் ‘கெ’ என்னும் எழுத்து, முதலிற் ககரம், பின்னர் ஒற்றைக்கொம்பு என்னும் வரிசையிலேயே கணினியிற் சேமிக்கப்படும். திரையிற் காட்டும்போது கொம்பை ககரத்துக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துதல் வேண்டும். ‘கொ’ என்னும் எழுத்திலோ ஒரே குறியை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னும் காலைப் பின்னுமாக அமைத்தல் வேண்டும். லினக்ஸில் இவ்வேலையைச் செய்த மென்பொருள்களுள் ஒன்று பாங்கோ.

2005-இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 1.5 என்னும் உலாவியின் மூல நிரலிற் பாங்கோவை இணைத்துக்கொள்ள வழி இருந்தது. ஆனால் உலாவியை வெளியிட்டவர்கள் லினக்ஸுக்கென ஆயத்தமாகக் கட்டித் தந்த வடிவத்தில் அக்கூறு இணைக்கப்படவில்லை. அவ்வடிவத்தை நிறுவியவர் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் பிறழ்ந்து, எழுத்துகள் சிதைந்து தோன்றின. அதே மூலத்தைப் பாங்கோ இணையுமாறு தாமே பெயர்த்துக்கொண்டவர்க்குத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. ஃபெடோரா போன்ற சில வழங்கல்களின் பொதியாளர்கள் அவ்விணைப்போடு பெயர்த்துத் தந்த பொதிகளிலும் தமிழ் ஒழுங்காகவே இருந்தது. 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3-இல்தான் இக்குறை பொதுவாக நீங்கியது.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. மூலம் ஒன்றேயாயினும் ஆக்குவோர் தேர்வினால் ஒரு மொழி வாழவும் கூடும், சிதையவும் கூடும் என்பது முதலாவது. பொதி என்பதே தீது அன்று என்பது இரண்டாவது. தமிழைக் காத்ததும் பொதி; சிதைத்ததும் பொதி. ஒன்றைக் கட்டிய கை இந்திய எழுத்துகளின் தேவையை அறிந்திருந்தது. மற்றொன்றைக் கட்டியபோது அத்தேவை கருதப்படவில்லை. ஆலேயில் வார்த்த எழுத்துக்கும் பொறையாற்றில் வார்த்த எழுத்துக்கும் இருந்த வேறுபாடு இதுவேயாம்.

நம்பிக்கை என்னும் சிக்கல்

ஆயத்தப் பொதியை ஏற்பவர், அதனைக் கட்டியவரை நம்பியே ஏற்கின்றார். 1965-இல் மலேசியாவில் ரப்பருக்குத் தர நிர்ணயத் திட்டம் வந்தது. அதுவரை கண்ணாற் கண்டு தரம் பிரித்த வாங்குவோர், அதன்பின் சோதனைக்கூடத்தின் சான்றை நம்பி வாங்கத் தொடங்கினர். பொதிகளிலும் கட்டியவரின் மின்முத்திரை அதுபோன்றே சான்றாக நிற்கின்றது. முத்திரை, பொதி வழியில் மாற்றப்படவில்லை என்பதற்குச் சான்றாகும். உள்ளிருப்பது மூலத்தோடு ஒத்தது என்பதற்குச் சான்றாகாது.

அவ்வாறாயின் மூலத்தைத் தாமே பெயர்த்துக்கொண்டால் ஐயம் தீருமோ எனின், அதுவும் முற்றத் தீராது. யூனிக்ஸின் சிற்பியாகிய கென் தாம்சனே டூரிங் பரிசு ஏற்புரையில், 1983-இல், இதனை எடுத்துக்காட்டினார். நிரல்பெயர்ப்பியே வஞ்சகமாக மாற்றப்பட்டிருந்தால், தூய மூலத்தையும் அது கள்ளக்கதவோடு பெயர்த்துத் தரும். பெயர்ப்பியின் மூலத்தைப் படித்தாலும் அக்கள்ளம் புலப்படாது.

2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்த நிகழ்ச்சி இவ்வச்சத்தை மெய்ப்பித்தது. எக்ஸ்.இசட். என்னும் சுருக்கமுறை மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளிற் கள்ளக்கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கிவைக்கும் வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. மூலம் என்று கட்டி வெளியிட்ட தொகுதியில் மட்டும், ஆக்கும் முறையைக் கூறும் கோப்புக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. டெபியன், ஆர்.பி.எம். பொதிகள் கட்டப்படும்போது மட்டும் அது விழித்தெழுமாறு அமைந்திருந்தது. தொலைக்கணினியில் நுழைவதற்கு வழக்கத்தினும் ஏறத்தாழ அரை நொடி மிகுதியாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர் மூலத்தைத் துருவி ஆராய்ந்ததால், பெருங்கேடு விளையுமுன் அது வெளிப்பட்டது. மூலம் என்னும் பெயரில் வந்தது முழு மூலம் அன்று. அதனைக் கண்டுபிடிக்க உதவியதும் மூலத்தை ஆராயும் உரிமையே.

இதற்குத் தீர்வாக டெபியன் அன்பர்கள் 2013 முதல் வேறொரு முயற்சியில் ஈடுபட்டு வருகின்றனர். ஒரே மூலத்தை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கைகள் பெயர்த்தாலும், விளைவு ஓர் எண்ணும் பிறழாது ஒத்திருக்குமாறு ஆக்கும் முறையைச் செம்மைசெய்வதே அது. 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடுகள் பலவற்றைத் தொகுத்து ஒப்புநோக்கிப் பாடம் தெளிந்தார். ஓர் ஏட்டை மட்டும் நம்பாமைதான் அவர் பதிப்பின் வலிமை. பல கைகள் பெயர்த்ததை ஒப்பிட்டு ஒரு பொதியை ஏற்பதும் அம்மரபின் இன்றைய வடிவமே எனலாம்.

தமிழின் பங்கு

மூலம் என்றவுடன் அது பொறியியலாளர்க்கே உரியது என ஒதுங்குதல் வேண்டா. தமிழ்ப் புலமையே போதுமான மூலங்களும் கணினியில் உள. லினக்ஸ் மென்பொருள்களின் பட்டியற் சொற்கள், மூலச்சொல் ஒருவரியிலும் தமிழ்ச்சொல் அடுத்த வரியிலுமாக எளிய உரைக்கோப்பில் எழுதப்படுகின்றன. பின்னரே கணினிக்குரிய வடிவமாகப் பெயர்க்கப்படுகின்றன. ‘அனைத்து கோப்புகள்’ என ஒற்று மிகாமல் ஒரு பட்டியலில் நின்றால், பொதியை மட்டும் அறிந்தவர் அடுத்த பதிப்பு வரும்வரை பிழையோடு வாழவேண்டும். மூலத்தை அறிந்தவரோ ‘அனைத்துக் கோப்புகள்’ எனத் திருத்தி, ஒரே கட்டளையாற் பெயர்த்து, அன்றைக்கே பயன்படுத்தலாம். திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பி, உலகத் தமிழர் அனைவர்க்கும் அதனைப் பயனாக்கலாம். 1999-இற் சென்னை மாநாட்டின் வழி வந்த தமிழ் 99 விசைப்பலகையும் லினக்ஸில் இத்தகைய உரைக்கோப்பாகவே கிடைக்கின்றது.

முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னங்களும், கணக்கேடுகளில் வழங்கிய பிற குறிகளுமாக 51 குறியீடுகள் 2019-இல் யூனிகோடு 12-ஆம் பதிப்பிற் சேர்ந்தன. அதற்கு முற்பட்ட எழுத்துருக்களும் பொதிகளும் அவற்றை அறியா. அங்கே 1/320 என்னும் முந்திரிக் குறி வெறுங்கட்டமாகவே தோன்றும். பழைய ஏட்டுக் கணக்கை வகுப்பிற் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு, புதிய எழுத்துருவையும் மென்பொருளையும் மூலத்தினின்று ஆக்கித் தரவல்ல ஒருவர் அருகிருத்தல் பெருந்துணையாகும்.

தமிழகத்தில் இத்துறையில் நிறுவன முயற்சிகளும் நடந்துள்ளன. சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக்கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடந்தரும் பாஸ் என்னும் வழங்கலை 2007-இல் வெளியிட்டனர். பிறர் மூலத்தை ஏற்று, தம் மக்களுக்கேற்பப் பெயர்த்து, பொதியாக்கி வழங்கும் முறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மலேசியப் பள்ளிகளிலும் இவ்வரலாற்றின் சுவடு உண்டு. 2013 ஏப்பிரலில், நாட்டின் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளுக்குக் குரோம்புக் மடிக்கணினிகள் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அக்கணினியின் இயங்குதளம், மூலவழியையே கொள்கையாகக்கொண்ட ஜென்டூவின் ஆக்குங்கருவியைக் கொண்டு கட்டப்படுவது. கட்டுவோர் மூலத்தினின்று ஆக்குகின்றனர்; பள்ளிக்கு வருவதோ மூடி முத்திரையிட்ட வடிவம். திறந்தவுடன் அது இயங்கும்; மாணவர்க்கு வேறு வேலை இல்லை. ஆயினும் அதன் அடிப்படையாகிய மூலம் எவரும் படிக்குமாறு வெளிப்படையாகவே உள்ளது. அங்ஙனம் ஒன்று உண்டு என்பதை மாணவர்க்குச் சொல்வோர் வேண்டும்.

அன்றாட வேலைக்குப் பொதியே தக்கது. அதனைப் பழிப்பது அறியாமை. ஒவ்வொருவரும் தம் நூலைத் தாமே அச்சுக்கோத்துக்கொள்ள வேண்டும் என எவரும் சொல்வதில்லை. எனினும் பொதியினின்று மூலத்துக்குத் திரும்பும் வழி அடைபடலாகாது. அவ்வழியில் நடக்கவல்லார் சிலரேனும் ஒவ்வொரு தலைமுறைத் தமிழரிலும் இருத்தல் வேண்டும். தரங்கம்பாடியில் அன்று எழுத்து வார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அதனால் தமிழ் தனக்கேற்ற அளவிற் காகிதம் ஏறியது. கணினித் திரையில் கொம்பு இடம் பிறழும்போது அதனை நேர்நிறுத்த அறிந்த மாணவர் ஒருவர், தோட்டப் பள்ளிகளிலிருந்தும் தோன்றலாம். அவர்க்கு முதற்பாடமாக வேண்டுவது, தாம் பயன்படுத்தும் பொருளுக்கு ஒரு மூலம் உண்டு, அது படிக்கத்தக்கது என்னும் அறிவே.